நான்கால் பெருக்கிய மூச்சு

குறிப்பாணை எண் 41/2024
நாள்: 11.11.2024

அனுப்புநர்: டாக்டர் சு. திரிபுரசுந்தரி, மருத்துவ அலுவலர், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்.
பெறுநர்: திருமதி ம. ஜோவிதா, ஒப்பந்தச் செவிலியர், அதே நிலையம்.
பொருள்: சளி, இருமலுடன் வரும் குழந்தைகளைப் பரிசோதிப்பதில் தாமதம்.
பார்வை: சிட்லபாக்கம் திரு. ஜீவரத்தினம் அவர்களின் புகார் மனு.

மழை தொடங்கியதிலிருந்து இந்நிலையத்துக்கு நாளொன்றுக்கு நூற்றைம்பது பேர் வருகின்றனர். அவர்களில் நாற்பது பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். தாங்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் சட்டையைத் தூக்கி முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவதாகவும், குழந்தை அழுதால் அடங்கும்வரை காத்திருந்து மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவதாகவும் தெரிகிறது. இதனால் வரிசை கேட்டைத் தாண்டிச் சாலைவரை நீள்கிறது. மூத்த குடிமக்கள் மழையில் நிற்கின்றனர்.

இனி பதினைந்து நொடி எண்ணி, நான்கால் பெருக்கிச் சீட்டில் எழுதினால் போதுமானது.

கடந்த சனிக்கிழமை நோயாளிகள் முன்னிலையில் தாங்கள் என்னிடம் குரலை உயர்த்தியதால், இது குறித்து வாய்மொழியாக எதுவும் பேச வேண்டாம். சொல்ல வேண்டியதை எழுத்தில் தரவும்.

சு. திரிபுரசுந்தரி


12.11.2024

மதிப்பிற்குரிய மருத்துவ அலுவலர் அவர்களுக்கு,

உங்கள் அறைக்கும் என் மேஜைக்கும் நடுவில் பத்தடி தூரம். உங்கள் குறிப்பாணை அந்தப் பத்தடியைத் துப்புரவுப் பணியாளர் கங்கம்மாவின் கையில் கடந்து வந்தது. "இன்னாம்மா இது? ரெண்டு பேருக்கும் வாயி கீதுல்ல? தொடப்பத்த வெச்சிட்டு நான் கடுதாசி தூக்கினு அலையணுமா?" என்று கேட்டார். எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள், எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆமாம், முழு நிமிடம் எண்ணுகிறேன். கைக்குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. நாலு மூச்சை வேகவேகமாக இழுக்கும், ஒரு கணம் சும்மா கிடக்கும், மறுபடியும் இழுக்கும். பதினைந்து நொடியில் ஒரு மூச்சைத் தவறவிட்டால், பெருக்கும்போது நான்கு மூச்சு காணாமல் போய்விடும். இரண்டு மாதம் முடிந்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஐம்பதுதான் எல்லை. ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் நிமோனியா என்று எடுத்துக்கொண்டு ஆன்டிபயாட்டிக் தர வேண்டும். கீழே என்றால், வேறு அபாயக் குறி இல்லாவிட்டால், வெறும் சளி. தாய்ப்பாலும் கவனிப்பும் போதும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் அறைச் சுவரில் அட்டையாகத் தொங்குகிறது. அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டி மறைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எண்ணுவதால்தான், "புள்ளைக்கு ஆன்டிபயாட்டிக் சிரப் குடுத்தே ஆகணும்" என்று நிற்கும் தாயிடம் "வேண்டாம்மா" என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. போன மாதம் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அப்படித்தான் சொன்னேன். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. தங்கள் குழந்தையை ஒருத்தி ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஜீவரத்தினம் சார் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நாலு சுற்று நடந்துவிட்டு, வியர்வை காய்வதற்குள் வந்து முதல் நாற்காலியில் உட்காருகிறவர். மழையில் நின்றதாக யாரைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. பிரஷர் மாத்திரைக்கு அரை மணி காத்திருந்தால் அவருக்குப் பிரஷர் ஏறுமாம். ஏறட்டும், அதையும் அளந்து எழுதிவிடுகிறேன்.

நான் நிறுத்த மாட்டேன்.

ம. ஜோவிதா


குறிப்பாணை எண் 42/2024
நாள்: 13.11.2024

தங்கள் கடிதத்தில் விளக்கத்தைவிட வாக்குவாதமே அதிகம். காலண்டர் அகற்றப்பட்டது. ஆணை அகற்றப்படவில்லை.

நூற்றைம்பது பேருக்கு நான் ஒருத்திதான் மருத்துவர். மாலையில் மேலிடத்துக்கு எண்ணிக்கை அனுப்ப வேண்டும், சர்க்கரை நோய்ப் பட்டியல் அனுப்ப வேண்டும், கர்ப்பிணிகள் விவரம் ஏற்ற வேண்டும். "ஏன் இன்னும் ஓ.பி. முடியல?" என்று கேட்பவர்களுக்கு நான்தான் பதில் சொல்கிறேன், தாங்கள் அல்ல.

தங்கள் ஒப்பந்தம் 30.11.2024 அன்று முடிவடைகிறது என்பதையும், நீட்டிப்புக்கான என் பரிந்துரை அதற்குள் மேலிடத்துக்குச் செல்ல வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

சு. திரிபுரசுந்தரி


14.11.2024

மருத்துவ அலுவலர் அவர்களுக்கு,

ஆணைப்படியே ஆகட்டும். இன்று காலை முதல் பதினைந்து நொடி.

இன்று குழந்தைகள் தினம் என்பதை நானும் நினைவூட்டுகிறேன்.

ம. ஜோவிதா


15.11.2024

சிஸ்டர் ஜோவிதா அவர்களுக்கு,

இரண்டு நாளாக ஓ.பி. பன்னிரண்டேகால் மணிக்கு முடிகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி. திரு. ஜீவரத்தினம் மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தார். தங்கள் பங்கைக் கங்கம்மாவிடம் கொடுத்தனுப்பியிருந்தேன். தாங்கள் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன். அது தங்கள் விருப்பம்.

சு. திரிபுரசுந்தரி


குறிப்பாணை எண் 45/2024
நாள்: 19.11.2024

பொருள்: அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டுச் சென்றதும், மருத்துவர் பரிந்துரையின்றி மருந்து வழங்கியதும்.

18.11.2024 திங்கட்கிழமை நான் தாம்பரத்தில் ஆய்வுக் கூட்டத்தில் இருந்தபோது, தாங்கள் பிற்பகல் 1.40 முதல் 3.15 வரை பணியிடத்தில் இல்லை. திரும்பி வந்து அய்மான் என்ற எட்டு மாதக் குழந்தைக்கு என் கையெழுத்து இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுத்துள்ளீர்கள். இரண்டும் கடுமையான ஒழுங்கீனங்கள்.

மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும்.

சு. திரிபுரசுந்தரி


20.11.2024

மருத்துவ அலுவலர் அவர்களுக்கு,

மூன்று நாள் எதற்கு? இன்றே தருகிறேன்.

திங்கட்கிழமை காலை ஷரீஃபா என்ற பெண் மகன் அய்மானைத் தூக்கிக்கொண்டு கீழ்க்கட்டளையிலிருந்து வந்தார். டாக்டரிடம் போகிறோம் என்று குழந்தைக்கு முகமெல்லாம் பவுடர், தலைக்குக் குல்லா, பனியன், சட்டை, அதற்குமேல் ஸ்வெட்டர். அவருக்குப் பின்னால் வரிசை. கையில் பதினைந்து நொடி. நான் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. மேலோட்டமாகப் பார்த்து எண்ணினேன். பன்னிரண்டு. நாலு பன்னிரண்டு நாற்பத்தெட்டு. சீட்டில் எழுதினேன். நீங்கள் 48-ஐப் பார்த்தீர்கள், ஸ்டெதாஸ்கோப்பை ஒரு தரம் வைத்தீர்கள், "சளிதாம்மா, பயப்படாதீங்க" என்று காய்ச்சல் மருந்து எழுதி அனுப்பினீர்கள்.

ஓ.பி. முடிந்து பதிவேட்டைக் கூட்டி எழுத உட்கார்ந்தேன். 28, 32, 36, 48, 40, 32. முந்தின நாள் பக்கத்தைப் புரட்டினேன். 36, 28, 44, 32. நாலு நாளில் நூற்று ஐம்பத்தாறு குழந்தைகள். ஒன்றுக்குக்கூட 37 இல்லை, 41 இல்லை, 53 இல்லை. ஒரு ஒற்றைப்படை எண்கூட இல்லை! ஆண்டவர் அப்படியா குழந்தைகளைப் படைத்தார்? என் கையெழுத்தில் நாலு பக்கம் பொய். பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று எண்ணியிருந்தால் அய்மானுக்கு 52.

பதிவேட்டில் இருந்த நம்பரைக் கூப்பிட்டேன், அணைத்து வைத்திருந்தார்கள். உங்களை மூன்று முறை கூப்பிட்டேன், கூட்டத்தில் இருந்தீர்கள். ஆட்டோ பிடித்துக் கீழ்க்கட்டளைக்குப் போனேன்.

குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். "இப்பதான் கண்ணசந்தான் சிஸ்டர், எழுப்பாதீங்க" என்றார் ஷரீஃபா. "தூங்கட்டும்மா. எனக்கு அதுதான் வேணும்" என்று சட்டையை மட்டும் மெல்லத் தூக்கினேன். முழு நிமிடம். 57. நம்பாமல் இன்னொரு முறை. 58. நெஞ்சு உள்ளே இழுக்கவில்லை, பால் குடிக்கிறான், அந்த மட்டும் பிழைத்தேன்.

அதே ஆட்டோவில் கூட்டிவந்தேன். ஆக்சிஜன் அளவு 96. மருந்தாளுநர் டேனியல், "சிஸ்டர், சீட்டுல மேடம் கையெழுத்து இல்லையே" என்று தயங்கினார். "என் கையெழுத்து இருக்கு. கேட்டா என்னைக் கேக்கட்டும், குடுங்க" என்றேன். மாத்திரையைக் கரைத்து முதல் வேளை நானே ஊட்டினேன். நாலு மணிக்கு நீங்கள் வந்து பார்த்து அதே மருந்தை, அதே அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். மறுநாள் காலை குறிப்பாணை கொடுத்தீர்கள்.

நீங்கள் தப்பான குற்றத்துக்கு விளக்கம் கேட்கிறீர்கள். போனது குற்றமில்லை. கொடுத்தது குற்றமில்லை. 14, 15, 16, 18 ஆகிய நாலு நாளும் உங்கள் ஆணைக்குக் கீழ்ப்படிந்தேனே, அதுதான் குற்றம். அதற்கு ஒரு குறிப்பாணை கொடுங்கள், வாய் திறக்காமல் தண்டனையை வாங்கிக்கொள்கிறேன்.

அந்த நாலு நாளில் 44, 48 என்று எழுதிய குழந்தைகள் இன்னும் பதினோரு பேர். ஒன்பது வீட்டில் போனில் பேசிவிட்டேன். இரண்டு வீட்டுக்குக் கங்கம்மா நேரில் போய் வந்தார். எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். நேற்று முதல் மறுபடியும் முழு நிமிடம் எண்ணுகிறேன். இதையும் ஒழுங்கீனத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ம. ஜோவிதா


21.11.2024

சிஸ்டர்,

இதற்கு எண் போடவில்லை. இது கோப்பில் சேராது. படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

திங்கட்கிழமை மதியம் பிரஷர் பார்க்க வந்த ஜீவரத்தினம், உங்கள் நாற்காலி காலியாக இருந்ததையும், பிறகு நீங்கள் மருந்து ஊட்டியதையும் பார்த்து, அங்கேயே நின்று மேலிடத்துக்குப் போன் செய்திருக்கிறார். "டாக்டர் இல்லாத நேரத்துல நர்ஸ் வைத்தியம் பாக்குறாங்க" என்று. செவ்வாய் காலை ஏழு மணிக்கு எனக்கு அங்கிருந்து அழைப்பு. அதன் பிறகுதான் குறிப்பாணை எழுதினேன். உங்கள் விளக்கத்தை நான் மேலே அனுப்பியாக வேண்டும். இப்படியே அனுப்பினால் உங்கள் வேலை போய்விடும். "வருந்துகிறேன், இனி நேராது" என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

48-ஐப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது என் கை. ஸ்வெட்டரை நானும் கழற்றவில்லை. எட்டு மாதக் குழந்தை, நெஞ்சைத் திறந்து பார்க்காமல் "பயப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறேன். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். பதினைந்து நொடி எண்ணச் சொன்னேன். மூன்று அடுக்குத் துணிக்கு மேலே எண்ணச் சொன்னேனா? பதினான்காம் தேதி நீங்கள் கீழ்ப்படியவில்லை சிஸ்டர். என்மேல் இருந்த ஆத்திரத்தில், "இந்தா, கேட்டல்ல, வெச்சுக்கோ" என்று வேலையைத் தூக்கி என் முகத்தில் எறிந்தீர்கள். எறிந்தது என்மேல் படவில்லை, குழந்தைமேல் பட்டது.

திரிபுரசுந்தரி


22.11.2024

மேடம்,

கிழிக்கவில்லை. வைத்திருக்கிறேன்.

சுருக்கென்று தைத்தது. இரண்டு முறை படித்துவிட்டு, எழுந்துபோய் டிரெஸ்ஸிங் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் எழுதியது நிஜம். அந்த நாலு நாளும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன். ஏதாவது தப்பாகட்டும், அப்போது தெரியும் இவர்களுக்கு என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அதை இங்கே எழுதும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

நேற்று ஷரீஃபா மூன்றாம் நாள் பரிசோதனைக்கு வந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, எண்ணிக்கை 43. நான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். ஸ்வெட்டரைச் சொன்னேன், நாலால் பெருக்கியதைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தீர்களா? மொத்த வரிசையும் திரும்பிப் பார்க்கக் கத்தினார். "எம் புள்ளைக்கு ஒரு நிமிஷம் இல்லாம போச்சா ஒங்களுக்கு? காலைல ஆறு மணிக்குப் பஸ் புடிச்சு வந்தேன் சிஸ்டர். ரெண்டு மணி நேரம் நின்னேன். ஒரு நிமிஷம் நீங்க நிக்க மாட்டீங்களா?" திட்டத் திட்டக் கொஞ்சம் பாரம் இறங்கியது.

மன்னிப்பு கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிட்டேன். மேலிடத்தில் கேட்க மாட்டேன். "இனி நேராது" என்று எழுதினால் என்ன அர்த்தம்? இனி ஒரு குழந்தைக்கு 57 இருந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அர்த்தம். அந்தப் பொய்யை என் கையால் எழுத முடியாது. ஏற்கெனவே நாலு பக்கம் எழுதியிருக்கிறேன், போதும்.

வேலை போனால் போகட்டும். போகாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, வாடகையும் மகள் படிப்பும் இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் விளக்கத்தை அப்படியே அனுப்புங்கள்.

ஜோவிதா


26.11.2024

சிஸ்டர்,

விசாரணை முடியும்வரை உங்களைக் குழந்தைகள் மேஜையில் வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்ததால், நேற்றும் இன்றும் நானே எண்ணினேன். சட்டையைத் தூக்கி, ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு விதமாக: முதல் பதினைந்து நொடியில் ஒரு எண், அப்படியே தொடர்ந்து முழு நிமிடத்தில் ஒரு எண். எழுபத்திரண்டு குழந்தைகள். இரண்டு பேருக்குப் பெருக்கினால் 48, முழுசாக எண்ணினால் ஐம்பதைத் தாண்டியது. மூன்று பேருக்குப் பெருக்கினால் 52, முழுசாக எண்ணினால் 46-க்குள். இரண்டு குழந்தைகளை மருந்தில்லாமல் அனுப்பியிருப்பேன். மூன்று குழந்தைகளுக்கு வேண்டாத மருந்தைக் கொடுத்திருப்பேன்.

ஓ.பி. மூன்று மணிக்கு முடிந்தது. கால் மரத்துப்போய்விட்டது. நீங்கள் இதை எப்படித் தினமும் செய்தீர்கள்?

ஜீவரத்தினம் மேஜையைத் தட்டினார். "நான் யாருன்னு தெரியுமா மேடம்?" என்றார். "தெரியும் சார். நூத்திப் பதினெட்டாவது டோக்கன். உக்காருங்க" என்றேன். கங்கம்மா மூலையில் நின்று, "அப்டி போடு தாயீ!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். அவருக்கு நான் குறிப்பாணை எதுவும் கொடுக்கவில்லை.

உங்கள் விளக்கத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் மேலே அனுப்பிவிட்டேன். அதனுடன் என் விளக்கமும் போயிருக்கிறது. பதினைந்து நொடி எண்ணச் சொன்ன ஆணை என்னுடையது, செவிலியர் மறுத்தார், ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்டிச் செய்ய வைத்தேன் என்று எழுதி, குறிப்பாணை 41, 42 இரண்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். அதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. நூற்றைம்பது பேருக்கு ஒரே டாக்டரைப் போட்டுவிட்டு மணியைப் பார்க்கிறவர்களைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். மாற்றல் வந்தால் வரட்டும்.

உங்கள் நீட்டிப்புக்குப் பரிந்துரை செய்து கையெழுத்துப் போட்டாயிற்று. குறிப்பாணை 41 ரத்து.

திரிபுரசுந்தரி


04.12.2024

மேடம்,

உத்தரவு வந்துவிட்டது. வழக்கமான பதினோரு மாதத்துக்குப் பதில் எனக்கு மூன்றே மாதம், அதுவும் "கண்காணிப்பின் கீழ்". உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் என்று கங்கம்மா சொன்னார். யார் வீட்டுக் கடிதம் என்றாலும் அவருக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. மூன்று மாதம் என்றால் மூன்று மாதம். என் மேஜை எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. கண்காணிக்கிறவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர்களும் எண்ணட்டும்.

உங்களுக்கு நன்றி எழுத நினைத்தேன், கை வரவில்லை. குறை எழுதத்தான் வருகிறது. திங்கட்கிழமை நீங்கள் கடைசியாக எண்ணிய பெண் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தாள். பால் குடிக்கும்போது எண்ணக் கூடாது. தாயை உட்காரவைத்து மறுபடியும் எண்ணித் திருத்தியிருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

இன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். அய்மானுக்கு ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை ஊசிக்கு ஷரீஃபா கூட்டிவந்தார். லேசாக மூக்கு ஒழுகியது. ஊசிக்கு முன்னால் எண்ணலாம் என்று சட்டையைத் தூக்கினேன். அவர் தன் போனை எடுத்து ஸ்டாப்வாட்சைத் திறந்தார்.

"நானும் எண்ணுவேன் சிஸ்டர். ஒங்கள நம்பி ஒரு தடவ ஏமாந்தாச்சு."

எனக்குக் காது சூடானது. ஆனாலும் சரி என்றேன். பின்னால் பதினேழு பேர் நின்றார்கள், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இரண்டு பேரும் குனிந்து அந்தச் சின்ன வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். நிமிடம் முடிந்தது. நான் முப்பத்தாறு என்றேன். அவர் தலையை ஆட்டினார், முப்பத்தேழு என்றார்.

மறுபடியும் எண்ணினோம். அவர் சொன்னதுதான் சரி. பதிவேட்டில் என் 36-ஐ அடித்துவிட்டு 37 என்று எழுதி, பக்கத்தில் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஜோவிதா